உஷார்! எழுதுவது எவரோ, மாட்டுவது நீங்கள்

பத்துப் பக்கம், ஸ்பைரல் பைண்டிங், முகப்பில் கல்லூரி முத்திரை. கட்டுரையை என் மேசையில் வைத்த மாணவரின் முகத்தில் வேலை முடிந்த நிம்மதி. பூந்தமல்லி குமணன்சாவடிக்காரர், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. "நாளைக்கு சப்மிட் பண்ணணும் சார். இங்கிலீஷ் மட்டும் ஒருவாட்டி பார்த்துக் கொடுங்க" என்றார். தலைப்பு: 2015 சென்னை வெள்ளம் இயற்கைப் பேரிடரா, மனிதர் செய்த பேரிடரா?

ஆங்கிலத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் என் வயிற்றைக் கலக்கியது. நான்காம் பக்கத்தில் ஒரு வரி: டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 1,00,000 கனஅடி நீர் திறக்கப்பட்டதாம். ஆதாரமாக ஓர் ஆய்வறிக்கை. அதன் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதம்.

"இந்த அறிக்கையை எங்க படிச்சீங்க தம்பி?"

பதில் இல்லை. இருவரும் சேர்ந்து தேடினோம். அரை மணி நேரம் ஆயிற்று. அப்படி ஓர் அறிக்கை எங்குமே அகப்படவில்லை. அன்று அந்த ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீர் விநாடிக்கு 29,000 கனஅடி. தணிக்கைத் துறையின் அறிக்கையிலேயே இருக்கும் கணக்கு இது.

"அந்த வெள்ளத்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"மணப்பாக்கத்துல, அத்தை வீட்டுல சார். சின்னப் பையன் நான். ராத்திரியில தண்ணி வந்துச்சு. ரெண்டு நாள் மொட்டை மாடியிலதான் இருந்தோம். தண்ணி வரப்போகுதுன்னு யாரும் வந்து சொல்லவே இல்ல."

யாரும் வந்து சொல்லவே இல்லை. இந்த ஒரு வரிக்குள் ஒரு முழு வாதக் கட்டுரை இருக்கிறது. அவர் கொண்டுவந்த பத்துப் பக்கத்தில் இந்த வரி இல்லை. ஏனென்றால் அந்தப் பத்துப் பக்கத்தை அவர் எழுதவில்லை.

அம்பத்தூர், ஆவடி, திருமுல்லைவாயல், பூந்தமல்லி வட்டாரத்தில் கல்லூரிப் பிள்ளைகளின் கட்டுரைகளைப் பல வருடங்களாகப் பார்த்துவருபவன் நான். இப்படியொரு ஆபத்தான காலத்தை முன்பு பார்த்ததில்லை. ஆகவே மாணவர்களே, பெற்றோர்களே, கொஞ்சம் உஷாராகக் கேளுங்கள். உங்களைச் சுற்றி மூன்று வலைகள் விரித்துக் கிடக்கின்றன.

முதல் வலை: காசு கொடுத்தால் கட்டுரை

வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் உங்கள் வகுப்புக் குழுவுக்குள்ளேயே விளம்பரம் வந்து விழும். 'அசைன்மென்ட், புராஜெக்ட், எல்லாம் செய்து தரப்படும். காப்பி இல்லை என்பதற்குச் சான்றிதழும் உண்டு.' பாதிப் பணம் முன்பணம். மீதி, கட்டுரை கைக்கு வந்த பிறகு. அத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைக்கிறீர்கள். உண்மையான கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

யோசித்துப் பாருங்கள். உங்கள் பெயர், பதிவு எண், கல்லூரி, துறை, கைபேசி எண், பணம் அனுப்பிய ஜிபே ரசீது, 'நாளைக்குள் வேண்டும்' என்று நீங்கள் கெஞ்சிய குறுஞ்செய்தி, இத்தனையும் முகம் தெரியாத ஒருவரிடம் இருக்கின்றன. 'இன்னும் பணம் அனுப்பு, இல்லாவிட்டால் இதையெல்லாம் உன் துறைத்தலைவருக்கு அனுப்பிவிடுவேன்' என்று அவர் ஒருநாள் சொன்னால் என்ன செய்வீர்கள்? இது என் கற்பனை பயம் என்று தள்ளிவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் உயர்கல்வி ஒழுங்குமுறை அமைப்பான டெக்சா, இப்படிப்பட்ட மிரட்டல் நடக்கிறது என்று மாணவர்களை வெளிப்படையாகவே எச்சரித்து வருகிறது. படிப்பு முடிந்து வேலையில் சேர்ந்த பிறகும் மிரட்டல் தொடரலாம். சாட்சியம் அழிவதில்லையே!

இந்த வியாபாரத்தைத் தடுக்க ஆஸ்திரேலியா 2020-இல் சட்டமே கொண்டுவந்தது. நடத்துபவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை. இங்கிலாந்து 2022-இல் இதைக் குற்றமாக்கியது. மேற்படிப்புக்கு அந்த நாடுகளுக்குப் போக நினைப்பவர்கள் இதை நினைவில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 'உங்க போர்ட்டல் பாஸ்வேர்டு கொடுங்க, நாங்களே அப்லோடு பண்ணிடுறோம்' என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். உங்கள் மதிப்பெண்ணும் கட்டண விவரமும் வீட்டு முகவரியும் அந்த ஒரு கடவுச்சொல்லுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டு மிரட்டலுக்கு ஆளானவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து தனியாகக் கிடந்து புழுங்காதீர்கள். இன்னொரு தவணை பணம் அனுப்பாதீர்கள். செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சைபர் குற்றப் புகாருக்கு நாடு முழுவதற்கும் 1930 என்ற எண் இருக்கிறது. நம் பகுதிக்கென்றே 2022 தொடக்கத்திலிருந்து ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் இயங்குகிறது. அப்பா அம்மாவிடமோ நம்பிக்கையான ஆசிரியரிடமோ முதலில் சொல்லுங்கள். திட்டு ஒருநாளில் போய்விடும். மிரட்டல் போகாது.

இரண்டாம் வலை: இல்லாததை இருப்பதாகச் சொல்லும் இயந்திரம்

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். புரியாத ஒரு கருத்தை விளக்கச் சொல்லிக் கேளுங்கள், உங்கள் வாதத்துக்கு எதிர்வாதம் சொல்லச் சொல்லுங்கள், கல்லூரி அனுமதித்தால் அதில் தவறில்லை. ஆனால் ஆதாரத்தை அதனிடம் கேட்டு அப்படியே ஒட்டினீர்களோ, போச்சு!

அந்த இயந்திரம் செய்வது இவ்வளவுதான்: இந்தச் சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருத்தமாக இருக்கும் என்று கணித்துக் கணித்து அடுக்குகிறது. ஓர் ஆய்வறிக்கையின் பெயர் எப்படி இருக்கும் என்று அதற்கு நன்றாகத் தெரியும். அந்த அறிக்கை உண்மையில் இருக்கிறதா என்பது வேறு விஷயம். குமணன்சாவடித் தம்பியின் '1,00,000 கனஅடி' வந்த வழி இதுதான். முழு எண், கேட்க மிரட்டலாக இருக்கிறது, நம்பத் தோன்றுகிறது. ஆனால் பொய்.

பெரியவர்களே இதில் கவிழ்ந்திருக்கிறார்கள். 2023-இல் நியூயார்க்கில், ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை முன்மாதிரியாகக் காட்டி மனு போட்டார்கள். எதிர்த்தரப்பு தேடியது. அந்தத் தீர்ப்புகள் கிடைக்கவில்லை. நீதிபதி தேடினார். கிடைக்கவில்லை. அவற்றில் பல, எந்த நீதிமன்றமும் எழுதாத தீர்ப்புகள். 5,000 டாலர் அபராதமும் உலகம் முழுக்க அவமானமும் மிஞ்சின. நம் பக்கத்தில், 2024 டிசம்பரில் பெங்களூரு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் பிறப்பித்த ஓர் உத்தரவில், இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக வந்திருப்பது தெரிந்து, சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற நேர்ந்தது. சட்டம் படித்து முடித்தவர்களின் கோப்புக்குள்ளேயே நுழைந்துவிட்ட பொய், உங்கள் அசைன்மென்டுக்குள் நுழைய எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்றாம் வலை: வார்த்தையை மாற்றித் தரும் கருவி

எங்கிருந்தோ எடுத்த பத்தியைப் போட்டால் சொற்களை மாற்றிப்போட்டு, 'இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது' என்று சொல்லும் கருவிகள் நிறைய. கருவிக்கு அகராதி தெரியும், பொருள் தெரியாது. 2021-இல் மூன்று ஆய்வாளர்கள் அறிவியல் ஆய்விதழ்களைச் சலித்துப் பார்த்தபோது, மார்பகப் புற்றுநோய் 'மார்பு ஆபத்து' என்றும், செயற்கை நுண்ணறிவு 'போலிப் பிரக்ஞை' என்றும் ஆங்கிலத்தில் மாறிக் கிடந்தன. அப்படிச் சிதைந்த சொற்களை வைத்தே திருட்டைப் பிடித்தார்கள். உங்கள் பேராசிரியருக்கு மென்பொருளே வேண்டாம். மூன்று வருடமாக உங்கள் ஆங்கிலத்தைப் படிப்பவர் அவர்.

பிடிபட்டால் என்ன ஆகும்?

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கருத்துத் திருட்டைத் தடுக்கவென்றே தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது. முதுகலை, ஆய்வு மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு அதில் சொல்லப்பட்ட தண்டனை இது. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தி மீண்டும் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓர் ஆண்டுக்குத் திருத்திக் கொடுக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் படிப்புக்கான பதிவே ரத்து. பொது அறிவான செய்தியோ தற்செயலாக ஒத்துப்போகும் சொற்களோ தொடர்ச்சியாக 14 சொல் வரை கணக்கில் வராது. முறையாக மேற்கோள் காட்டியதும் கணக்கில் வராது. அதாவது, எடுத்ததைச் சொல்லி எடுப்பவருக்கு இந்த விதியால் ஒரு பயமும் இல்லை.

'நான் இளங்கலைதானே' என்று நிம்மதி கொள்ளாதீர்கள். உங்களுக்குக் கல்லூரியின் விதி இருக்கிறது, இன்டர்னல் மதிப்பெண் இருக்கிறது, 'இதை எப்படி எழுதினாய், சொல்' என்று நேருக்கு நேர் கேட்கும் வைவா இருக்கிறது. அதற்கும் மேலே, பட்டம் வாங்கிய பிறகு வரும் தேர்வுகளும் இதே வாதக் கட்டுரையைத்தான் கேட்கின்றன. ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வின் இரண்டாம் பகுதிக்குக் குறைந்தது 250 சொல்லில் ஒரு வாதம். ஒதுக்கச் சொல்லும் நேரம் 40 நிமிடம். மனப்பாடம் செய்து வந்து கொட்டினால் மதிப்பெண் குறையும். ஜிஆர்இ தேர்வில் 30 நிமிடத்தில் ஒரு பிரச்சினை பற்றி உங்கள் நிலைப்பாடு. அங்கேயும் ஒப்புமை பார்க்கும் மென்பொருள் உண்டு. குடிமைப்பணி முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாளுக்கு மட்டும் 250 மதிப்பெண். மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை. அந்தத் தேர்வு அறைகளுக்குள் வாட்ஸ்அப் அண்ணன் கூட வர மாட்டார்.

நேர்மையாக எழுதுகிறவர்களும் உஷார்!

இதைச் சொல்லும்போது எனக்கு மனசு வலிக்கிறது. இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகள் முழுக்க நம்பத்தக்கவை இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே, தன் கண்டுபிடிப்புக் கருவியின் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேல், 'இயந்திரம் எழுதியது' என்று அந்தக் கருவிகள் முத்திரை குத்தின. எளிய சொற்களில், ஒரே மாதிரியான வாக்கியங்களில் எழுதியதுதான் அவர்கள் செய்த குற்றம்.

ஆவடி அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, முட்டி மோதி ஆங்கிலத்தில் எழுதக் கற்ற ஒரு பெண்ணின் மேல் நாளைக்கு இந்தப் பழி விழலாம். அவளைக் காப்பாற்றப்போவது ஒன்றே ஒன்றுதான்: அவள் எழுதிய தடம். ஆகவே அடித்துத் திருத்திய கையெழுத்துப் படிகளைத் தூக்கி எறியாதீர்கள். கணினியில் எழுதினால் ஒவ்வொரு நாளும் தேதி போட்டுத் தனிக்கோப்பாகச் சேமியுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதினால் திருத்த வரலாறு தானாகவே பதிவாகும். நூலகத்தில் எடுத்த குறிப்பு, புத்தகப் பக்கத்தைப் பிடித்த படம் எல்லாம் உங்கள் சாட்சிகள். வாங்கிய கட்டுரைக்கு இப்படிப்பட்ட பிறப்புச் சான்றிதழ் கிடையாது.

பயப்படத் தேவையில்லை, நமக்குப் பழகிய வித்தைதான்

வாதக் கட்டுரை என்றதும் வெள்ளைக்காரன் சரக்கு என்று மிரள்கிறார்கள் பிள்ளைகள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேரே போனால் வருகிற காஞ்சிபுரத்தில்தான், சாத்தனாரின் மணிமேகலை பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் தருக்கம் கற்கிறாள். அங்கே அவள் கற்பவற்றில் பக்கம், ஏது, திட்டாந்தம் மூன்றும் தலையானவை. பக்கம் என்றால் நீங்கள் நிறுவ வந்த கருத்து. ஏது என்றால் காரணம். திட்டாந்தம் என்றால் எடுத்துக்காட்டு. மலைமேல் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை தெரிகிறதே என்பது ஏது. அடுக்களையில் பார்த்திருக்கிறோமே என்பது திட்டாந்தம். இவை ஒவ்வொன்றும் போலியாக அமைந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் அந்தக் காப்பியம் பட்டியல் போட்டுக் காட்டுகிறது. நன்னூல் என்ற இலக்கண நூல் சொல்லும் ஏழு மதங்களில், அதாவது கருத்தைக் கையாளும் முறைகளில், ஒன்று, எதிராளியின் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு அதைக் களைவது. கல்லூரியில் எதிர்வாதமும் மறுப்பும் என்று கற்றுத் தருவது இதைத்தான்.

அந்தத் தம்பியும் நானும் அன்று இரவு இதைத்தான் செய்தோம். ஸ்பைரல் கட்டை ஓரமாக வைத்துவிட்டு, வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, முதலில் தமிழில் பேசினோம்.

"வெள்ளம் யார் தப்பு?"

"அரசாங்கம் தப்பு சார்."

"அது கோபம். கருத்தாகச் சொல்லுங்க. எந்தத் தப்பு?"

கொஞ்சம் யோசித்தார். "தண்ணி திறந்தது தப்பில்ல சார். திறக்கப்போறதை ஆத்தங்கரையில இருக்கறவங்களுக்கு நேரத்துக்குச் சொல்லாததுதான் தப்பு."

பக்கம் கிடைத்துவிட்டது! மறுக்க இடமிருக்கும் கருத்து, ஆதாரம் கேட்கும் கருத்து, யாரிடமிருந்தும் வாங்காத கருத்து. அடுத்து ஏது. ஆற்றில் நீர் ஏறுவதற்குள் சொல்லியிருந்தால் மக்கள் மேட்டுக்குப் போயிருக்கலாம். அடுத்து திட்டாந்தம். மணப்பாக்கத்து மொட்டை மாடி. ஆனால் ஒரு வீட்டின் அனுபவத்தை வைத்து ஊருக்கே தீர்ப்பெழுத முடியாது. ஆகவே ஆவணத்துக்குப் போனோம். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கனஅடி வீதம் 21 மணி நேரம் நீர் திறக்கப்பட்டதைக் குறித்து, வெள்ளத்தை மனிதரால் ஏற்பட்ட பேரிடர் என்றே அந்த அறிக்கை வகைப்படுத்தியது.

இங்கே நிறுத்திவிட்டால் அது பாதிக் கட்டுரை. எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி, ஆழம் 24 அடி. அதற்கு மேல் தேக்கினால் கரைக்கே ஆபத்து. அதோடு, செம்பரம்பாக்கத்து நீர் போய்ச் சேரும் அடையாற்றுக்கு வேறு பல ஏரிகளின் உபரிநீரும் வந்து சேர்கிறது. 'இதையெல்லாம் ஒப்புக்கொண்டால் என் கட்சி தோற்றுடாதா சார்?' என்று கேட்டார் தம்பி. தோற்காது. நீர் திறந்தது தவறில்லை என்று அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டாரே! மழை எவ்வளவு பெரிதோ, முன்னறிவிப்பு அவ்வளவு அவசியம் என்று எதிராளியின் எண்ணையே தன் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். அவர் கண்ணில் அப்போது தெரிந்த வெளிச்சத்தை எந்த டெலிகிராம் குழுவிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

ஒரு எச்சரிக்கை மட்டும். நாம் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள். அடுக்குமொழியும் கைதட்டலும் ஆதாரத்துக்கு ஈடாகிவிடும் என்ற நினைப்பு நமக்குள் ஊறியிருக்கிறது. மேடையில் அது சரி. தாளில், படிக்கிறவர் கைதட்ட மாட்டார், பென்சிலை எடுத்து 'எங்கே ஆதாரம்?' என்று ஓரத்தில் எழுதுவார். ஒவ்வொரு எண்ணுக்கும் அது எங்கிருந்து வந்தது என்று உங்களால் விரல்வைத்துக் காட்ட முடிய வேண்டும். முடியாத எண்ணை அடித்துவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்து வந்து, பிள்ளை கேட்ட காசை எதற்கென்று கேட்காமல் கொடுக்கும் அப்பாக்களே, அம்மாக்களே! 'புராஜெக்ட்டுக்கு வேணும்' என்று கேட்டால், பிரின்ட் போடவா, எழுதி வாங்கவா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டாம். 'நீ எழுதினதுல என்ன சொல்ற, எனக்குத் தமிழில் சொல்லு' என்று இரவுச் சாப்பாட்டின்போது கேளுங்கள். தானே எழுதிய பிள்ளை பத்து நிமிடம் பேசும். வாங்கிய பிள்ளை தட்டைப் பார்க்கும்.

ஆசிரியப் பெருமக்களே, அறுபது பேருக்கு ஒரே தலைப்பைக் கொடுத்து, கடைசி நாளில் மட்டும் வாங்கினால் வலைக்காரனுக்கு நாமே வழிவிட்டதாகும். ஊர்ப் பிரச்சினையைத் தலைப்பாகக் கொடுங்கள். கொரட்டூர் ஏரியில் கலக்கும் கழிவுநீரைப் பற்றி எழுதச் சொன்னால், அந்தக் கரையில் போய் நின்று பார்த்தவன் எழுதியது தனியே தெரியும். முதல் வரைவை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அந்தத் தம்பி மறுநாள் கட்டுரையைக் கொடுக்கவில்லை. ஆசிரியரிடம் போய், இரண்டு நாள் அவகாசம் கேட்டார். தாமதத்துக்கு மதிப்பெண் குறைந்தது. நான்கே பக்கம், அங்கங்கே இலக்கணப் பிழை, ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம். வைவாவில் என்ன கேட்டாலும் பதில் இருந்தது, ஏனென்றால் அது அவர் எழுதியது.

மாணவர்களே, உங்கள் கைபேசியில் இந்த நேரம் 'அசைன்மென்ட் செய்து தரப்படும்' என்று ஒரு செய்தி இருந்தால், பதில் போடாமல் அந்த எண்ணை பிளாக் செய்யுங்கள். கொடுத்த தலைப்பைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு வரி, தமிழில், உங்கள் கையால் இன்றிரவே எழுதி வையுங்கள். மீதியை அந்த வரியிலிருந்து நீங்களே எழுதிவிடலாம்.